தோட்ட மக்களின் கதையைத் தோட்டத்திலிருந்தே எழுதியவர்: மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை

சாஆ வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விடியற்காலைப் பெரட்டு மறந்திருக்காது. இருட்டோடு எழுந்து, பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டு, பெயர் கொடுத்து, நிரைக்குப் போன தாய்மார்களின் பிள்ளைகள்தான் இன்று சாஆ, லாபிஸ், யோங் பெங், சிகாமட் பட்டணங்களில் வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல லயங்கள் இடிந்துவிட்டன. அந்த லயத்து வாழ்க்கையை யார் எழுதி வைத்தார்கள் என்ற கேள்வி மட்டும் நிற்கிறது.

இதே கேள்வியைக் கடலுக்கு அப்பால், இலங்கையின் தேயிலை மலையில் ஒருவர் இளம் வயதிலேயே தமக்குள் கேட்டுக்கொண்டார். வேறு யாரும் எழுதப்போவதில்லை என்று தெரிந்ததும் தாமே எழுத உட்கார்ந்தார். அவர்தான் சி. வி. என்று மலையக மக்கள் இன்றும் அன்போடு அழைக்கும் சி. வி. வேலுப்பிள்ளை. கவிஞர், நாவலாசிரியர், தொழிற்சங்கவாதி, நாடாளுமன்ற உறுப்பினர், நாட்டுப்பாடல் தொகுப்பாளர் என்று பல முகங்கள் அவருக்கு உண்டு. அவர் பிறந்தது 1914 செப்டம்பர் 14. மறைந்தது 1984 நவம்பர் 19.

நம் தாத்தா பாட்டியைப் போலவே வந்தவர்கள்

சி. வி. பிறந்த இடம் நுவரெலியா மாவட்டத்தில் வட்டகொடைக்கு அருகிலுள்ள மடக்கும்புர தோட்டம். அவருடையது கங்காணிக் குடும்பம். மலாயாவிலும் கங்காணி முறை இருந்ததால், அந்தச் சொல்லின் கனம் இங்குள்ள பெரியவர்களுக்கு விளக்காமலே புரியும். ஊருக்குப் போய் ஆள் கட்டி வருவது, முன்பணம் கொடுப்பது, அந்தக் கடனிலேயே ஆளைப் பிடித்து வைப்பது எல்லாம் இரண்டு நாட்டுக்கும் பொதுவானவை.

வந்த வழிதான் வேறு. மலாயாவுக்கு வந்தவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். இலங்கைக்குப் போனவர்களில் முன்தலைமுறையினர் தோணியில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை மலை வரை கால்நடையாகவே நடந்தார்கள். 1820களில் காப்பித் தோட்டங்களுக்காகத் தொடங்கிய நடை அது. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர்கள் ஏராளம்.

1869ல் காப்பிச் செடிகளில் இலைநோய் புகுந்து, அடுத்த சில ஆண்டுகளில் காப்பித் தொழிலையே அழித்தது. 1867ல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. காப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆள் இருந்தால் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். போய்த் திரும்பிக்கொண்டிருந்த மக்கள் குடும்பத்தோடு மலையிலேயே தங்கியது இதனால்தான். சி. வி. பிறந்தபோது அப்படித் தங்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டத் தொடங்கியிருந்தார்கள்.

தாகூர் கையில் கொடுத்த நாடகம்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அன்று இருந்த படிப்பு மிகச் சொற்பம். தோட்டப் பள்ளியில் நாலெழுத்து படித்ததும் வேலைக்காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கங்காணிக் குடும்பத்தில் பிறந்ததால் சி. வி.க்கு அதைத் தாண்டிப் போகும் வாய்ப்பு கிடைத்தது. அட்டனில் படித்தார். பிறகு கொழும்பு நாலந்தா கல்லூரியில் சேர்ந்தார். பௌத்த மாணவர்கள் நிறைந்த அந்தக் கல்லூரிக்கு மலைத் தோட்டத்துத் தமிழ்ப் பையன் போனது அந்தக் காலத்தில் சாதாரணக் காரியம் அல்ல.

அங்குதான் ஆங்கில இலக்கியம் அவரை இழுத்துக்கொண்டது. 1934ல் வங்கக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் இலங்கைக்கு வந்தார். இருபது வயதைக்கூட எட்டாத சி. வி., தாம் ஆங்கிலத்தில் எழுதிய 'விஸ்மாஜினி' என்ற இசை நாடகத்தை அந்தப் பெருங்கவிஞரிடம் கொடுத்து வாழ்த்துப் பெற்றார். தாகூரின் தாக்கம் அவருடைய தொடக்கக் கால எழுத்தில் நன்றாகவே தெரியும்.

வேறொருவராக இருந்தால், அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு கொழும்பிலேயே நல்ல வேலை தேடி, மலையை மறந்திருப்பார். சி. வி. மலைக்கே திரும்பினார். சில காலம் ஆசிரியராக இருந்தார். பிறகு தொழிற்சங்க வேலையில் முழுமையாக இறங்கினார்.

தலவாக்கலையின் பிரதிநிதி

1939ல் ஜவாஹர்லால் நேரு இலங்கைக்கு வந்துபோனதை அடுத்து இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது. அதிலிருந்து தோட்டத் தொழிலாளர்களுக்கான தொழிற்சங்கமும் கிளைத்தது. துரை வைத்ததே சட்டம் என்று இருந்த தோட்டங்களில் சங்கத்தின் பெயரைச் சொல்வதே குற்றம். சங்கத்தில் சேர்ந்தவருக்கு வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், வேலை இழந்தவர் சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அந்த நாள்களில் தோட்டம் தோட்டமாக நடந்து சங்கம் வளர்த்தவர்களில் சி. வி.யும் ஒருவர்.

1947ல் இலங்கையின் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. மலைநாட்டுத் தொகுதிகளில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை வென்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 33. கொழுந்து பறித்த கைகள் போட்ட ஓட்டில், தோட்டத்தில் பிறந்த ஒருவர் நாட்டின் சட்டமன்றத்துக்குப் போனார்.

அந்த மகிழ்ச்சி ஓராண்டுகூட நீடிக்கவில்லை.

ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள்

1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனார் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அது முடியாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். தோட்டத்து மக்களிடம் பிறப்புப் பத்திரமே இல்லை. பாட்டன் பிறந்ததற்குச் சான்று எங்கிருந்து வரும்? ஏறத்தாழ 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949ல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களுடைய வாக்குரிமையையும் எடுத்துக்கொண்டது.

தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கு இனி ஓட்டு இல்லை என்ற சட்டம் நிறைவேறியபோது சி. வி. அந்த மன்றத்திலேயே உறுப்பினராக இருந்தார். எதிர்த்து வாக்களித்தும் பெரும்பான்மையின் முன் ஒன்றும் நடக்கவில்லை. 1952 தேர்தலில் மலையகத் தமிழர்களின் பிரதிநிதியாக ஒருவர்கூட நாடாளுமன்றம் போக முடியவில்லை. அந்த ஆண்டில் காங்கிரஸ் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் நடத்திய சத்தியாக்கிரகத்தில் அவரும் கலந்துகொண்டார். மாதக் கணக்கில் நீடித்த போராட்டம் அது. குடியுரிமை மட்டும் கிடைக்கவில்லை.

மன்றத்தில் பேசும் வாசல் அடைபட்டது. அதன் பிறகுதான் சி. வி.யின் பேனா முழு வேகத்தில் ஓடத் தொடங்கியது.

தேயிலைச் செடிக்கு அடியில் புதைந்தவர்கள்

1954ல் அவருடைய ஆங்கில நெடுங்கவிதை 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' நூலாக வந்தது. விடியற்காலையில் பெரட்டுத் தப்பு அடிப்பதில் தொடங்கி, தோட்டத்தின் ஒரு நாளும் ஒரு வாழ்நாளும் அதில் விரிகின்றன. காட்டை வெட்டி, மலையைத் திருத்தி, செடி நட்டவர்கள் அந்தச் செடிகளுக்கு அடியிலேயே மண்ணாகிப் போனார்கள் என்பதையும், அவர்களுக்கு ஒரு கல்லறையோ நினைவுக் குறியோ இல்லை என்பதையும் அந்தக் கவிதை சொல்கிறது. நீங்கள் இந்த நாட்டுக்காரர்களா என்று கேட்ட சட்டத்துக்கு, புதைந்து கிடப்பவர்களையே சாட்சியாக அழைத்த கவிதை என்று அதைச் சொல்லலாம். 1969ல் கவிஞர் சக்தீ பாலையா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழில் தந்தார். அதன் பிறகு அது மலையகத்தின் வீட்டுச் சொத்தாகிவிட்டது.

ஏன் ஆங்கிலத்தில் எழுதினார் என்று கேட்டவர்கள் உண்டு. தேநீர் குடிப்பவர்களும் தோட்டத்துக்குச் சொந்தக்காரர்களும் சட்டம் செய்தவர்களும் படித்த மொழி அது. அவர்கள் காதில் விழ வேண்டுமென்றால் அந்த மொழியில்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இதே வேலையை ஆப்பிரிக்காவிலும் எழுத்தாளர்கள் செய்தார்கள். நைஜீரியாவின் சினுவா அச்செபே, தம் இக்போ மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் நாவலாக எழுதி உலகுக்குக் காட்டினார். உலகப் புகழ்பெற்ற அந்த முதல் நாவல் வந்தது 1958ல். சி. வி.யின் கவிதை நூல் அதற்கு நான்கு ஆண்டு முந்தியது. கென்யாவின் கூகி வா தியாங்கோ, தேயிலை விளையும் லிமுரு மலைப்பகுதியில் பிறந்தவர். முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற அவர், பிறகு தம் தாய்மொழியான கிக்குயுவுக்குத் திரும்பினார். அதற்காகச் சிறை சென்று, அங்கே கழிவறைத் தாளிலேயே நாவல் எழுதினார். அவர்களைப் பற்றி உலகம் அறிந்த அளவுக்கு மடக்கும்புர தோட்டத்துப் பிள்ளையைப் பற்றி அறியவில்லை. அவர் செய்த வேலை அதற்குச் சற்றும் குறைந்தது அல்ல.

தமிழுக்குத் திரும்பிய பேனா

1970ல் 'பார்ன் டு லேபர்' என்ற அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. உழைக்கவே பிறந்தவர்கள் என்பது அதன் பொருள். பெரிய வரலாற்று ஆராய்ச்சி அல்ல அது. தோட்டத்தில் அவர் கண்டு பழகிய மனிதர்களை ஒவ்வொருவராக நிறுத்தி வரைந்த எழுத்துச் சித்திரங்கள். கங்காணியும் வருகிறார், கூலியாளும் வருகிறார். அவர்களுடைய திருவிழா, கல்யாணம், சாவு, சண்டை, நம்பிக்கை எல்லாம் வருகின்றன. கணக்கேட்டில் வெறும் எண்ணாக இருந்தவர்கள் இந்த நூலில் முகத்தோடு நிற்கிறார்கள்.

ஆனால் எழுதப்பட்டவர்களே படிக்க முடியாத மொழியில் மட்டும் எழுதிக்கொண்டிருப்பது அவருக்குப் போதவில்லை. அவருடைய நாவல்கள் இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் தொடராக வந்து தோட்டங்களுக்குள் நுழைந்தன. எழுத்துத் தெரிந்த ஒருவர் படிக்க, லயத்து வாசலில் உட்கார்ந்து மற்றவர்கள் கேட்ட காலம் அது. 'வாழ்வற்ற வாழ்வு', 'எல்லைப்புறம்', 'பார்வதி', 'காதல் சித்திரம்' ஆகியவை அப்படி வந்தவை.

அவர் தமிழில் எழுதிய 'வீடற்றவன்' நாவலை இன்று படித்தாலும் நெஞ்சு கனக்கும். தோட்டத்தில் சங்கம் தொடங்க முயன்ற ஒரு தொழிலாளி வேலையை இழக்கிறான். வேலையோடு வீட்டையும் இழக்கிறான். நாட்டில் உரிமை இல்லாதவனுக்குத் தலைக்கு மேல் கூரையும் இல்லை என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வாங்கிய மலேசியக் குடும்பங்களுக்கு அந்தத் தலைப்பின் பொருளை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981ல் அது நூலாக வந்தது. கடைசி நாவலான 'இனிப் படமாட்டேன்' 1984ல், அவர் மறைந்த அதே ஆண்டில் வெளிவந்தது.

இதழ்ப் பணியிலும் அவர் ஓயவில்லை. 'மாவலி' இதழுக்கு ஆசிரியராக இருந்து, புதிதாக எழுத வந்த மலையக இளைஞர்களுக்கு இடம் கொடுத்தார்.

பாட்டிமார் பாடியதைத் தேடி

சி. வி. செய்த காரியங்களில் இன்று நமக்கு மிக நெருக்கமானது ஒன்று உண்டு. தோட்டம் தோட்டமாகப் போய், எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் பாடிய பாடல்களைக் கேட்டு எழுதினார். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, காதல் பாட்டு, கங்காணியைக் கிண்டல் செய்யும் பாட்டு, கண்டிச் சீமைக்கு வந்த துயரத்தைச் சொல்லும் பாட்டு எல்லாம் அவர் காதில் விழுந்தன.

அந்தப் பாடல்களில் பலவற்றைப் பாடியவர்கள் பெண்கள். கொழுந்து பறிக்கும்போது நிரையில் ஒருத்தி தொடங்க, அடுத்த நிரையில் இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள். துரைக்கு முன்னால் சொல்ல முடியாததைப் பாட்டில் வைத்துச் சொன்னார்கள். பக்கத்தில் நிற்கும் கணக்கப்பிள்ளைக்கு அது வெறும் பாட்டு. கூட நிற்கும் பெண்களுக்கு அது செய்தி.

படித்தவர்கள் அவற்றைக் கூலிப் பாட்டு என்று ஒதுக்கிய காலத்தில், அதுதான் மலையகத்தின் முதல் இலக்கியம் என்று சி. வி. கண்டுகொண்டார். 1983ல் அந்தத் தொகுப்பு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற பெயரில் சென்னையில் நூலாக வந்தது. அதே 1983 ஜூலையில்தான் இலங்கையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மலைநாட்டு மக்களும் அந்தத் தீயிலிருந்து தப்பவில்லை. எரிந்த வீடுகளில் என்னென்ன ஏடுகள் போயினவோ, அந்தப் பாடல்கள் மட்டும் அச்சில் ஏறித் தப்பித்துக்கொண்டன.

பிரிந்துபோன குடும்பங்கள்

அவருடைய வாழ்வின் பிற்பகுதி முழுவதும் ஒரு பெரிய பிரிவின் நடுவில் கழிந்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று பங்கிட்டார்கள். மீதி 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்குப் போகும் ரயில் நிற்கும் நிலையங்களில் எல்லாம் அழுகுரல் கேட்டது. நாடற்ற மக்களின் இந்த வரலாற்றை 'நாடற்றவர் கதை' என்ற நூலாகவும் சி. வி. எழுதிவைத்தார்.

இந்தக் கண்ணீர் மலேசியத் தமிழர்களுக்கும் புதிதல்ல. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 60,000 பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேறிப் போனவர்களின் உறவினர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கதை எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

அவர் விட்டுச் சென்றது

70 வயதில் சி. வி. காலமானார். மக்களுக்குப் பறிபோன குடியுரிமை முழுமையாகத் திரும்புவதை அவர் பார்க்கவில்லை. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2003ல்தான். அவர் மறைந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால் அவர் போட்ட பாதையில் பலர் நடந்தார்கள். தெளிவத்தை ஜோசப் போன்றவர்கள் மலையகச் சிறுகதையையும் நாவலையும் வளர்த்தார்கள். சாரல் நாடன் மலையக இலக்கிய வரலாற்றைத் தேடித் தொகுத்ததோடு, சி. வி.யைப் பற்றித் தனி நூலே எழுதினார். 2023ல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடைப்பயணம் போனார்கள். முன்னோர் நடந்து மாண்ட வழியிலேயே பேரப்பிள்ளைகள் நடந்தார்கள். செடிக்கு அடியில் புதைந்தவர்களுக்கு நினைவுக் குறி இல்லை என்று சி. வி. எழுதிய குறையை, ஏறத்தாழ 70 ஆண்டு கழித்து அவர்கள் கால்களாலேயே தீர்க்க முயன்றார்கள்.

இங்கும் நம் எழுத்தாளர்கள் எழுதாமல் இல்லை. தோட்ட வாழ்வைச் சொல்லும் சிறுகதைகளும் நாவல்களும் மலேசியத் தமிழில் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துப் போன அகிலன்கூட 'பால்மரக் காட்டினிலே' என்ற நாவலைத் தந்தார். ஆனால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. சாஆ சுற்றுவட்டாரத்தில் எத்தனை தோட்டங்கள் இருந்தன, எந்தக் கோயிலை யார் கட்டினார்கள், முதல் ஆசிரியர் யார், எந்த ஆண்டில் லயம் இடிந்தது என்பவை எல்லாம் இன்னும் சில பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

அவர்கள் போனால் அதுவும் போய்விடும். சி. வி.யிடம் இருந்தது ஒரு நோட்டும் பேனாவும்தான். இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. அடுத்த முறை பாட்டி ஒரு பழைய தாலாட்டைப் பாடும்போது, அல்லது தாத்தா பெரட்டுக் கதையைத் தொடங்கும்போது, பேரப்பிள்ளை அதைப் பதிவு செய்து, பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிவைத்தால் போதும். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த அந்த மனிதருக்கு ஜொகூர் மண்ணிலிருந்து செலுத்தும் நல்ல மரியாதை அதுவாகத்தான் இருக்கும்.